கேரட் காட்டு விளக்கு

"ஒரு மணி நேரம் லைட்டை அமத்துங்கன்னுதானே கேக்குறேன், வேலுமணி..."

"எப்பவும் அமத்துறவன்தானுங்களே நான்? இன்னிக்கு காட்டுமாடு ஓடைக்கு இந்தப் பக்கம் நிக்கிதுங்கம்மா, நீங்க என்னடான்னா..."

"நிக்கத்தானே செய்யுது?"

"பெறகு? உங்க கொழாயப் பாக்கவா வந்து நிக்கிது? என் கேரட்டுக்குங்க!"

இதைச் சண்டை என்று எழுதிக்கொள்ளாதீர்கள், இன்ஸ்பெக்டர். நாங்கள் நல்ல அக்கம்பக்கம். கல்லூரி வேலையில் ஓய்வுபெற்று, கூக்கால் மலைக்கிராமத்தில் என் தொலைநோக்கியை நிறுவிய நாளிலிருந்து, நான் வானம் பார்க்கும்போது வேலுமணி தன் தோட்டத்து ஃபோகஸ் லைட்டை அணைத்துவிடுவார். அதற்குப் பதில் காட்டுமாட்டை விரட்டத் தகரம் தட்டிக்கொண்டிருப்பார்.

அன்று இருட்டியதும் செய்தி வந்தது. எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்துக் காமாக் கதிர்களைப் பீய்ச்சியிருந்தது. அது நொடியில் முடிந்துவிடும். பின்னால் ஒரு மங்கல் ஒளி மட்டும் சற்று நேரம் நிற்கும். அதை நிறம் நிறமாகப் பிரித்தால் நடுவே கருங்கோடுகள் தெரியும். அவை சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று பார்த்துத் தூரத்தைக் கணக்கிடலாம். தரையோடு படியும் மெல்லிய பனியில் சிதறும் வேலுமணியின் விளக்கு அந்தக் கோடுகளை மூழ்கடித்துவிடும்.

ஆகவே, அவர் அணைக்க மறுத்ததும், வேலியோரக் கம்பத்துப் பெட்டியைத் திறந்து, அவருடைய ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டேன். கோபமெல்லாம் இல்லை.

தகரச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"அம்மா, லைட்டு போயிருச்சு! மாடு உள்ள வந்திருச்சு! டார்ச்சையாவது அடிங்கம்மா, வெரசா!"

தெளிவாகத்தான் கேட்டது. டார்ச் மேசைமேல் இருந்தது. ஆனால் கருவியில் ஒளி சேர்ந்துகொண்டிருந்தது. வெளிச்சம் பட்டால் அதுவரை சேர்ந்ததும் வீண். பூமி பிறக்குமுன் புறப்பட்ட ஒளி அது. அவ்வளவு தூரம் வந்ததை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்புவது முறையல்ல. வேலுமணி பொறுமையானவர், இன்னும் கொஞ்சம் பொறுப்பார் என்று நினைத்தேன். இரண்டாம் முறை கூப்பிட்டபோது குரல் தரையிலிருந்து வந்தது. அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. மனைவி சின்னத்தாயியைக் கூப்பிட்டார். அவள் கேரட் லாரியோடு வெளியூர்ச் சந்தைக்குப் போயிருந்தாள்.

கோடுகள் அழகாக விழுந்தன. ஃபியூஸ் கட்டையை எடுத்த இடத்திலேயே மாட்டினேன். விளக்கு எரிந்தது. அவர் வரப்பில் கிடந்தார். மாடு பக்கத்தில் நின்று கேரட்டைத் தின்றுகொண்டிருந்தது.

மாடு முட்டிச் செத்தார் என்றுதான் நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். அது அரைகுறை. அளவு தவறாக இருப்பது எனக்குப் பிடிக்காது, அதனால்தான் நானே வந்தேன். மாடு நிற்பது தெரிந்தேதான் விளக்கை அணைத்தேன். கூப்பிட்டது கேட்டும் போகவில்லை. அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

உள்ளே வரும்போது ஸ்டேஷன் வராந்தாவில் சின்னத்தாயி குந்தியிருந்தாள். என்னைக் கடந்து எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிட்டேன்.

"தூரத்தை அளந்து கட்டுரை அனுப்பிட்டேன், சின்னத்தாயி. நன்றி சொல்ற எடத்துல உன் வீட்டுக்காரர் பேரைத்தான் மொதல்ல போட்டிருக்கேன். சந்தோஷம்தானே?"