நூறாவது இரவுக்கு வராதவள்

"ஹலோ... ஹலோ... கேக்குது, சொல்லு மதினி... எங்கருந்து பேசுற? ஆபீஸ் படிக்கட்டுலயா? அங்க உக்காந்து அழுவுறியா?... சரி சரி, அழல. மூக்கடைப்பு. சுவாவுல எப்பவும் மழைதான, அடைக்கும்."

தோரிகா மரவள்ளிக் கிழங்கைப் போட்டுவிட்டு சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்றாள். எதிர்முனையில் அத்தை மகள் அகனிசி. பகல் முழுக்கத் தலைநகர் சுவாவில் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை, அதற்குமேல் முதுநிலைப் படிப்பு. ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாளும், தோரிகாவின் பெரியப்பா இறந்து துக்கம் கழிக்கும் நூறாவது இரவும் ஒன்றாக வந்து விழுந்திருந்தன. தாய்மாமனின் நூறாவது இரவுக்குத் தங்கை மகள் வராமலிருப்பது அவர்கள் ஊரான கண்டாவுத் தீவில் நடக்காத காரியம்.

"ம்... ஆமா... ஆமா... தூங்குனியா?... மேசைலயா? அதுக்குப் பேரு தூக்கமா?... என்னது? தண்ணி ரிப்போர்ட்டுக்குக் கீழயும் ஆய்வேடு மாதிரி அடிக்குறிப்பு போட்டுட்டியா? மேலதிகாரி என்ன சொன்னாரு?... படிச்சாரா? பரவால்லையே, உன் எழுத்தப் படிக்க ஒரு ஆளாவது இருக்காரே."

பிறகு அவள் முகம் மாறியது.

"யாருக்கு எழுதிட்ட?... வாத்தியாருக்கா, படிப்ப விடுறேன்னா? அனுப்பிட்டியா?... அனுப்பல. நல்லது. ஃபோன அந்தக் கையில மாத்து. 'அனுப்பு'ல வச்சிருக்குற கைய மடியில வை... வச்சிட்டியா?"

பாய் முடைவதும் விருந்துக்குப் பன்றி பார்த்து வைத்திருப்பதும் பற்றி தோரிகா கொஞ்சநேரம் வேண்டுமென்றே வளவளத்தாள். பேச்சு கப்பலுக்கு வந்ததும்தான் நிறுத்தினாள்.

"கப்பல்ல எடம் போடாத... போடாதன்னா போடாத. நீ வரல... இருக்கியா?... நேத்து சாயங்காலம் உம்பேர்ல பெரியவங்க முன்னால யங்கோனா வச்சு விடை கேட்டாச்சு. வேர் நம்ம தோட்டத்துதுதான்... எங்கண்ணன்தான் பேசுனான். அவளுக்குப் படிப்பு முடியணும், வர முடியல, பொறுத்துக்குங்கன்னு... எங்கப்பா எடுத்துக்கிட்டாரு. எல்லாரும் கை தட்டிட்டாங்க... உன்னக் கேட்டா வேணாம்ப, அதான் கேக்கல."

காணிக்கையாக வைக்கும் யங்கோனா வேரை வாங்கிக் கை தட்டிய பிறகு யாரும் வார்த்தையைத் திருப்பி எடுக்க முடியாது. தோரிகா அதை நம்பித்தான் இதைச் செய்திருந்தாள். 

"கோவிச்சுக்கோ. நல்லா கோவிச்சுக்கோ... ஆமா, கேக்காம செஞ்சது தப்புதான்... ஆனா யோசி. வாத்தியாருக்குன்னா லெட்டர் போட்டுத் தப்பிச்சுக்கலாம். படிக்கணும்னு விடை வாங்கிட்டுப் படிப்ப விட்டா, எங்கப்பா மொகத்துல எப்படி முழிப்ப?... என்ன?... பெரியப்பாவுக்கு வந்து அழணுமா?"

அவள் குரல் தாழ்ந்தது.

"மதினி, ஊர்க் கிணறு பூரா எறங்கி உன் ஆய்வுக்குப் பாட்டில்ல தண்ணி புடிச்சு அனுப்புனது யாரு?... ஒவ்வொரு பாட்டில்லயும் கிணத்துக்காரன் பேரு, அவன் கஞ்சனா நல்லவனான்னு ஒரு வரி... ஆமா, அதேதான். எந்தத் தண்ணி உப்பாச்சுன்னு கடைசிவரைக்கும் கேட்டுட்டேதான் இருந்தாரு. நீ இங்க வந்து அழுதா அதுக்குப் பதில் ஆயிருமா?"

"...ம்... ம்... அழு. பரவால்ல, நான் இருக்கேன்."

மேட்டில் காற்று அடித்தது. தோரிகா காதோடு கைபேசியை அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இன்னும் முடியல. எங்கப்பா ஒண்ணு கேட்டிருக்காரு. ஆய்வேட்ட ஒப்படைச்சிட்டு நீ வரணும், கல்லறைகிட்ட உக்காந்து அத முழுசா வாசிக்கணும்... முழுசான்னா முழுசா, அட்டவணையெல்லாம் சேத்து... பாவம் பெரியப்பா, எந்திரிச்சு ஓடவும் முடியாது... சிரிச்சியா?... மூக்கடைப்பா? சரி, மூக்கடைப்பு... அந்த லெட்டர அழி... இப்பவே. நான் வைக்கல... அழிச்சியா?... சத்தியமா?... எழுதப் போணுமா?... சரி, மொகத்தக் கழுவிட்டு... ஹலோ?... மதினி?"

அகனிசி வைத்துவிட்டிருந்தாள்.