சோனாப்பூரோட மூணு மேட்ச்

இல்ல தலைவரே, நீங்களே சொல்லுங்க. பந்த அடிச்சுட்டு ஓடுறவன் எவனாவது பேட்டக் கீழ போட்டுட்டு ஓடுவானா? பேட்டு நம்ம சொத்து மாதிரில்ல? ஆனா பேஸ்பால்ல போட்டுட்டுத்தான் ஓடணுமாம். நம்ம பயலுக ஒருத்தன் கேக்கலையே. பேட்டோடயே ஓடுறானுங்க. ஓடுனது பத்தாதுன்னு, அந்த பேஸுக்கு, அதான் தரையில வெள்ளையா சின்ன மெத்த மாதிரி வச்சுருக்காங்கல்ல, அதுக்கு நாலடி முன்னாடியே குனிஞ்சு பேட்ட நீட்டித் தொட்டுட்டு, உள்ள வந்துட்டேன்னு நிக்கிறானுங்க. காலு படணுமாம், பேட்டு பட்டா செல்லாதாம். அவுட்டுன்னுட்டாங்க. அடப் பாருங்க, உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்றேன்!

பெட்டிய நல்லா உள்ள தள்ளிட்டீங்கல்ல? பெல்ட்டப் போடுங்க, கேமரா இருக்கு. ஆங், என் பேரச் சொல்ல மறந்துட்டேன் பாத்தீங்களா. ரெங்கராஜ். கம்பெனி டிரைவரு. நமக்குத் துறையூர் பக்கம். புதுசா வர்ற ஆளுங்கள ஏர்போர்ட்டுலேருந்து அள்ளிட்டுப் போயி ஜெபல் அலியில நம்ம ஆளுங்க தங்குற கேம்புல எறக்குறது என் டூட்டி. இத்தன வருசத்துல வந்த ஒருத்தனுக்கும் நான் டீ வாங்கி வச்சதில்ல தலைவரே. பெட்டியக் கூடத் தூக்கிக் குடுத்ததில்ல. உங்களுக்குத் தூக்குனேன்ல? ஏன்னு கேளுங்க. வேர்ஹவுஸ்ல சரக்கத் தூக்கி அடுக்குற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்ட ஆயிரம் பேரு வருவான். பேஸ்பால்ல பந்து எறியத் தெரிஞ்சவன் ஒருத்தன் வர்றான்னா, அதுவும் நம்ம முசிறிலேருந்து வர்றான்னா, சும்மாவா? டீயக் குடிங்க, ஆறிப்போவுது.

ஏசி பத்தலையா? வேர்க்குதே உங்களுக்கு. மொத தடவ ஃபிளைட்டுன்னா அப்படித்தான் இருக்கும்.

இந்தா, அந்தப் பக்கம் வரிசையா கட்டடம் தெரியுது பாருங்க, பால்கனி பூரா துணி தொங்குது பாருங்க. அதான் சோனாப்பூர். நல்லாப் பாத்து வச்சுக்கங்க. நம்ம எதிரி அங்கதான் இருக்கான். கம்பெனிக்கு ரெண்டு கேம்பு. நாம ஜெபல் அலி, அவனுங்க சோனாப்பூர். ஆனா கிரவுண்டு ஒண்ணுதான். எங்க இருக்கு? நம்ம கேம்புக்குப் பின்னாடி இருக்கு. ரூம் ஜன்னலத் தொறந்தா கிரவுண்டு. நடுவுல சிமெண்டு பிச்சு. வேர்ஹவுஸ் தரை போட்டப்ப மிஞ்சுன சிமெண்டக் கெஞ்சி வாங்கி, லீவு நாள்ல நாங்களே போட்ட பிச்சு தலைவரே. ஞாயித்துக்கிழமையானா அங்க கிரிக்கெட்டுத்தான். மத்த நாளெல்லாம் இந்த ஊர்ல எதுக்கு இருக்கோம்னு தோணும். அன்னிக்கு ஒரு நாளு அப்படித் தோணாது. உண்மையச் சொல்றேன், அதுக்காகவே ரெண்டு தடவ நான் வேற கம்பெனிக்குப் போகாம இருந்துருக்கேன்.

இப்ப அந்தப் பிச்சு எங்க? மண்ணுக்குள்ள! நம்ம பெரிய மேனேஜர் ஹாரிஸ் சார் இருக்காருல்ல, அமெரிக்காக்காரரு, உங்கள வீடியோவுல இன்டர்வியூ பண்ணாரே அவருதான், அந்தப் பிச்சு மேல ரெண்டு லோடு மண்ணக் கொட்டி மேடு கட்டிட்டாரு. பந்து எறியிறவன் மேட்டுல நின்னுதான் எறியணுமாம். சுத்தி நாலு பேஸு வச்சு, சுண்ணாம்புல கோடு போட்டு... நம்ம பிச்சு இருந்த எடமே தெரியல.

சரி, அதோட விட்டாரா? ரெண்டு கேம்புக்கும் மூணு மேட்ச்சு, ஞாயித்துக்கிழமை தொடங்குது, வாரத்துக்கு ஒண்ணு. எந்த டீமு ரெண்டு ஜெயிக்குதோ, வருசம் பூரா ஞாயித்துக்கிழமை கிரவுண்டு அவங்களுக்கு. என்ன வேணா வெளையாடிக்கலாம். நாம ஜெயிச்சா அன்னிக்கே மேட்ட வெட்டிப் பிச்ச வெளிய எடுத்துருவோம். தோத்தா? அவனுங்க பஸ்ஸப் போட்டுட்டு வந்து நம்ம ஜன்னலுக்கு வெளிய வெளையாடுவானுங்க, நாம பருப்பு தாளிச்சுக்கிட்டே வேடிக்க பாக்கணும்.

அவனுங்களுக்கு கேப்டன் யாரு தெரியுமா? மீரா சாகிப்பு. கீழக்கரைக்காரன். நம்ம ரூம்லதான் கெடந்தான், எனக்கு மேல் கட்டில்ல. எனக்கு டெங்கு வந்தப்ப கஞ்சி வச்சுக் குடுத்தவன். அதெல்லாம் வேற, இது வேற. ஃபோர்மேனாக்கி சோனாப்பூருக்கு மாத்துனதும் ஆளே மாறிட்டான். தெனமும் எனக்கு வாய்ஸ் மெசேஜு அனுப்புறான். நேத்து என்னா சொல்றான்? "ரெங்கா, ஞாயித்துக்கெழம ஜன்னலத் தொறந்தே வையிப்பா. உனக்குக் காத்து வரும், எங்களுக்குக் கைதட்டு வரும்." எப்படி இருக்கு பாருங்க கொழுப்பு!

அந்தக் கொழுப்பு அவனுக்கு எங்கேருந்து வந்துச்சுன்னா, அவன்கிட்ட ஜோஜோன்னு ஒரு பிலிப்பீன்ஸ்காரன் இருக்கான். பேக்கிங் செக்‌ஷன். சாதுவா இருப்பான், வாயத் தொறக்க மாட்டான். அவன் பள்ளிக்கூடத்துலேயே இந்த வெளையாட்டுத்தானாம். போன மாசம் ஒரு பிராக்டிஸ் மேட்ச் போட்டுப் பாத்தோம். அடிச்சான் பாருங்க ஒரு அடி... பந்து வேலி தாண்டி, லாரியில நின்ன கன்டெய்னர் மேல போயி உக்காந்துருச்சு. லாரி மறுநாள் பக்கத்து நாட்டுக்கு, சலாலாவுக்குக் கெளம்பிருச்சு. பந்தும் அதோட போயிருச்சு. அங்க டெலிவரி எடுத்தவன் என்னத்தப் புரிஞ்சுக்கிட்டானோ.

நம்ம டீமு எப்படின்னு கேக்குறீங்களா? கேக்கல. பரவால்ல, நான் சொல்லணும்ல. அக்கவுண்ட்ஸ்ல அனந்தகிருஷ்ணன் சாருன்னு ஒருத்தரு. கிரிக்கெட்டுல அவருதான் எங்களுக்கு மலை. காலுக்கு வர்ற பந்த லேசா தட்டிப் பின்னாடி அனுப்புவாரு பாருங்க, அவ்வளவு அழகா இருக்கும். பேஸ்பால்ல பின்னாடி போனா ஃபவுலாம், ரன்னு கெடையாதாம். அன்னிக்கு முழுக்க அழகழகா ஃபவுலு அடிச்சாரு மனுசன். கடைசியா ஒண்ண நேரா அடிச்சாரு. ஓடுனாரு. மொத பேஸத் தொட்டாரு. தொட்டவரு அடுத்த பேஸுக்குப் போகாம, திரும்பி ஓடி அடிச்ச எடத்துக்கே வந்து நிக்கிறாரு! கேட்டா ரெண்டு ரன்னாம். ஹாரிஸ் சாரு தலையில கை வச்சு உக்காந்துட்டாரு.

இன்னொருத்தன், வர்ற பந்தெல்லாம் இடுப்பு ஒசரத்துக்கு வருதேன்னு ஒவ்வொரு பந்துக்கும் நோ பால் கேட்டு சண்ட. அட, இங்க எல்லாமே ஃபுல் டாஸ்தான்டான்னா புரிஞ்சுக்க மாட்டேங்கிறான். கையில அந்தத் தோல் உறை குடுத்தாங்களே, கேட்ச் புடிக்க... நம்மாளுக என்ன பண்றானுங்க? பந்து ஒசக்கப் போனதும் உறையக் கழட்டி வீசிட்டு வெறுங்கையில புடிக்கிறானுங்க. புடிச்சுட்டு, அம்மான்னு கைய ஒதறுறானுங்க.

சிரிக்கிறீங்களா? சிரிக்கல. சரி.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கலாம் தலைவரே. சொல்லிக் குடுத்தா திருந்திருவானுங்க. ஆனா பந்து எறியத்தான் நமக்கு ஆளே இல்ல. நான்தான் எறிஞ்சேன். முப்பது வருசமா கைய மடக்காம வீசிப் பழகிட்டு, திடீர்னு மடக்கி எறியின்னா கை கேக்குமா? கைய மடக்குனா ஊர்ல ஏமாத்துறான்னு வெரட்டுவாங்க. இங்க மடக்கலைன்னா வெரட்டுறாங்க. எறிஞ்சதெல்லாம் வைடாப் போயிருச்சு. நாலு பந்து அப்படிப் போனா அடிக்க வந்தவன் சும்மா மொத பேஸுக்கு நடந்து போவலாமாம். சோனாப்பூர் டீமு அன்னிக்கு ஓடவே இல்ல. நடந்தே ரன்னு எடுத்தானுங்க. மீரா சாகிப்பு வழியில நின்னு செருப்பு மாட்டுற மாதிரி நடிச்சுக் காட்டிட்டுப் போறான், ராஸ்கோலு.

அப்பத்தான் தெய்வமாப் பாத்து உங்கள அனுப்புச்சு. இன்டர்வியூ முடிச்சுட்டு ஹாரிஸ் சாரு ரூம விட்டு வெளிய வர்றாரு, மூஞ்சி முழுக்கப் பல்லு. "ராஜ், ஐ காட் எ பிட்ச்சர்"ங்கிறாரு. பிட்ச்சருன்னா பந்து எறியிற ஆளாம். ஃபோர்க்லிஃப்டுக்கு வந்ததுல உங்களத்தான் எடுத்துருக்காரு, ஏன்னா நீங்க மட்டும்தான் பேஸ்பால் தெரியும்னு சொன்னீங்களாம். நான் கேம்புக்குப் போயி எல்லாருக்கும் பாயசம் வச்சேன் தெரியுமா. உங்க கட்டில் கீழ் கட்டில், ஜன்னல் ஓரம். என் கட்டில்தான் அது. நான் மேல ஏறிட்டேன்.

என்ன, எதோ சொல்ல வந்தீங்க? சொல்லுங்க. இல்லையா... தண்ணி வேணா குடிங்க.

ஒரு ரகசியம் சொல்லவா? யாருக்கும் தெரியாது, உங்ககிட்ட மட்டும் சொல்றேன், ஒரே ஊர்க்காரங்களாப் போயிட்டோம். பாவம் ஹாரிஸ் சாரு மேல தப்பு இல்ல. வந்த புதுசுல அவரு தனி ஆளா, வீட்ட நெனச்சுக்கிட்டு வண்டியில வருவாரு. ஒரு நாளு கேட்டாரு, ராஜ், உங்க நாட்டுல பேஸ்பால் ஆடுவாங்களான்னு. நான் எஸ் சார்னேன். நீ ஆடுவியான்னாரு. ஸ்டேட் லெவல் சார்னேன். கேம்புல யாராச்சும் ஆடுவாங்களான்னாரு. ஃபுல் கேம்ப் சார்னேன். அதுவரைக்கும் அந்த வெளையாட்ட நான் கண்ணால பாத்ததில்ல! பழக்கம் தலைவரே, வாய்ப் பழக்கம். திருச்சியில ஏஜெண்ட் ஆபீசுல மொத மொதல்ல என்ன சொல்லிக் குடுத்தாங்க? எது கேட்டாலும் தெரியும்னு சொல்லு. ஹெவி வண்டி ஓட்டுவியா, தெரியும். இந்தி, தெரியும். அரபி, சோயா சோயா, அதான் கொஞ்சம் கொஞ்சம், தெரியும். தெரியாதுன்னு சொன்னவன் எவனாவது விசா வாங்கியிருக்கானா? வந்து எறங்கித்தான் எல்லாத்தையும் கத்துக்கிட்டேன். அந்த மனுசன் அன்னிக்கு அவ்வளவு சந்தோசப்பட்டு ஊர்லேருந்து பேட்டு, உறை எல்லாம் பொட்டி பொட்டியா வரவழைப்பாருன்னு நான் கனவா கண்டேன்? பிச்சு மேல மண்ணக் கொட்டுறப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு, யாருகிட்ட போயி அழுவுறது.

அதான் உங்களப் பாத்ததும் உசுரு வந்துச்சு. எங்கள மாதிரி இல்லாம, நெஜமாவே தெரிஞ்ச ஒருத்தரு...

ஏன் தலையக் குனியிறீங்க?

இங்க பாருங்க. விமலு. என்னப் பாருங்க. இந்தா டேஷ்போர்டுல இருக்கே ஒரு பந்து, அத எடுத்து, எப்படிப் புடிப்பீங்கன்னு சும்மா காட்டுங்க பாப்போம்.

...யோவ். அது பேரிச்சம்பழ டப்பாய்யா. பந்து அந்தாண்ட இருக்கு.

யோவ்! நீயுமா?

எந்த ஏஜெண்ட்டு? ஆங், அவனேதான். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மாடியில... அவனே சொன்னானா, சாரு எது கேட்டாலும் எஸ் சொல்லுன்னு. நாசமாப் போறவன், இன்னும் அதே பாடத்த நடத்திட்டு இருக்கானா.

அழுவாதய்யா. வண்டி ஓட்டுறேன், நீ அழுதா எனக்கு ரோடு தெரிய மாட்டேங்குது. வீட்டுல யாரு இருக்கா? பொண்டாட்டி, பேரு ராதிகாவா. கைப்புள்ள வேறயா. சரி சரி. உன்ன யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க, நான் இருக்கேன். ஃபோர்க்லிஃப்டாவது ஓட்டத் தெரியுமா? ...நெஜமாச் சொல்லு. தெரியுமா? அப்பாடா. அது போதும். அது போதும்யா.

ஊர்ல வேற என்னதான் வெளையாடுவ? கிரிக்கெட்டு? அதுவும் இல்ல. கபடி? வாலிபாலு? சத்தமாச் சொல்லு.

கேரம்போர்டா!

ஐயோ சாமி. ஐயோ... சிரிக்கிறேன்னு தப்பா நெனச்சுக்காத. எல்லாரும் பாயசம் குடிச்சானுங்கய்யா! மீரா சாகிப்புக்குத் தெரிஞ்சா சோனாப்பூர்லேருந்து நடந்தே வந்து சிரிப்பான். சரி, கண்ணத் தொடச்சுக்க. கேம்பு வந்துருச்சு. அந்தா கேட்டுல தொப்பி போட்டுக்கிட்டு நிக்கிறாரு பாரு, அவருதான் ஹாரிஸ் சாரு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்க மாட்டேன்னு கையில உறையோட நிக்கிறாரு. எறங்கு. நிமிந்து நட. நீ பேசாத, இவ்வளவு நேரம் எப்படி வந்தியோ அப்படியே இரு.

குட் மார்னிங் சார்! எஸ் சார், விமல் சார். அவர் பிட்ச்சர் சார்... ஆர்ம்? ஆர்ம் குட் சார். ஃபிங்கர் கன்ட்ரோல், வெரி வெரி குட் சார்!

யோவ், அவரு நீட்டுற உறைய வாங்கு. வலது கையில மாட்டாதய்யா, அது எறியிற கை. எடது கை... எடது கை!