அம்மன் பீடத்து ஏழு காசுகள்

பழைய காசைப் புளி போட்டுத் தேய்க்கவே கூடாது, இன்ஸ்பெக்டர். பளபளப்பு வரும், மதிப்பு போய்விடும். மலாக்கா தெங்கேராவில் முப்பது வருஷமாக, காசு காட்ட வருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன். 'காசு சார்' என்றால் இங்கே எல்லாருக்கும் தெரியும். டச்சுக் காசோ ஜப்பான் காசோ, கையில் வாங்கியதும் எந்த நாடு, எந்தக் காலம், நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்று சொல்லிவிடுவேன். தவறியதில்லை.

தங்கா பத்து என்ற ஊர்ப்பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் வீடமைப்புக்குப் போனதால் அங்கிருந்த மாரியம்மன் கோயிலை இடம் மாற்றினார்கள். அப்போது பீடத்துக்கு அடியில் ஒரு செம்பு கிடைத்தது. அந்தக் காலத்துச் சனங்கள் கூலியில் மிச்சம் பிடித்துப் போட்ட ஏழு வெள்ளிக் காசு அதற்குள் இருப்பதாக வழிவழியாகப் பேச்சு. அவற்றை அம்மன் கிரீடத்தில் பதிப்பதென்று கோயில் தலைவர் சிவசாமி அழைப்பிதழே அடித்துவிட்டார். அதில் அம்மன் படத்தைவிட அவர் படம் கொஞ்சம் பெரிது.

காசை அடையாளம் சொல்ல என்னை மேடைக்கு அழைத்தார்கள். மாலை, பொன்னாடை, மைக். காசுகள் எண்ணெயும் சுண்ணாம்பும் ஏறிக் கருத்துக் கிடந்தன. ஒன்றைத் தரையில் போட்டேன். வெள்ளியென்றால் கணீரென்று கேட்கும். இது தொப்பென்றது. வீட்டில் நிறுத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கலாம். ஆனால் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு தெரியவில்லை என்பது மரியாதையாக இராது. "வெள்ளி இல்லை," என்றேன்.

"அப்ப வெள்ளி எங்க லா போச்சு?" என்றது ஒரு குரல்.

எல்லார் கண்ணும் பூசாரி காளிமுத்து மேல் விழுந்தது. செம்பை முதலில் தூக்கி வெளியே வைத்தவர் அவர்தான்.

"ஆத்தா மேல சத்தியமா, நா தெறந்துகூட பாக்கலங்க."

அவர் மகள் ஷாந்தினி எழுந்தாள். "சார் சொன்னா முடிஞ்சிருமா? திங்கக்கெழம நகைக்கடை மெஷின்ல வச்சுப் பாப்போம். வெள்ளின்னு வந்தா எங்கப்பா கால்ல விழுவீங்களா?"

"விழறேன் லா," என்றார் சிவசாமி. "அதுவரைக்கும் காசு நம்ப சார் வூட்ல இருக்கட்டும். அவரவிட யோக்கியன் யாரு?"

ஞாயிறு மத்தியானம் ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்தேன். வாயில் பாம்போடு கழுகு. மறுபக்கம் எட்டு ரியால் முத்திரை. மெக்சிகோ காசு, இருபத்தேழு கிராம். தண்ணீரில் தொங்கவிட்டு நிறுத்தபோதும் சந்தேகமில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. மற்ற ஆறும் அப்படித்தான்.

நிதானமாக யோசித்தேன். காளிமுத்து நல்ல மனிதர். ஆனால் ஒரு பூசாரி போனால் இன்னொரு பூசாரி கிடைப்பார். மலாக்காவில் காசு பார்க்க என்னை விட்டால் யார்?

சுற்றுலாக்காரர்களுக்கு விற்கும் கழுகுப் போலிகள் என்னிடம் ஒரு டப்பா இருந்தன. அதிலிருந்து ஏழு காசை எடுத்து எண்ணெய் தடவி, சுண்ணாம்பு பூசி, புகையில் காட்டினேன். திங்களன்று, வெள்ளி துளிகூட இல்லை என்றது மெஷின். எல்லாரும் கை தட்டினார்கள்.

"இந்தா, ஒங்கப்பன் சம்பாத்தியம்," என்று சிவசாமி அந்தக் காசுகளை ஷாந்தினி முன்னால் வீசினார். அவர் போலீசுக்குப் போவதாகக் குதித்தபோது தடுத்தவன் நான்தான். காளிமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ஒருத்தர்தான் சார் எனக்காகப் பேசுனீங்க."

கோயிலைவிட்டு நிறுத்தினார்கள். மகளுக்குப் பேசிய சம்பந்தமும் நின்றது. மூன்றாம் மாதம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சாவுக்கு வந்த மாலைகளிலேயே பெரியது என்னுடையது.

வீசியெறிந்த காசுகளை அந்தப் பெண் கழுவிப் பார்த்திருக்கிறாள். ஏழிலும் ஒரே வருஷம், ஏழிலும் கழுகின் சிறகில் ஒரே கீறல். ஒரே அச்சில் வார்த்த போலிகள். அதை நான் கவனித்திருக்க வேண்டும். பிறகு சுற்றுலாக் கடைகளில் தேடியிருக்கிறாள். "காசு சார் டப்பாவா வாங்குவாரே," என்று ஒரு கடைக்காரர் சொல்லியிருக்கிறார். இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

அசல் காசுகளை உம்பாய் கடலில் போட்டுவிட்டேன். திருடன் அப்படிச் செய்வானா? மாற்றியது நான், பழி அந்த மனிதர் மேல் விழுந்தது என்னால். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான் பார்த்துச் சொன்னது தப்பு என்று மட்டும் எழுதாதீர்கள். வெள்ளி இல்லை என்று மெஷினே சொல்லியிருக்கிறது. ரசீது வைத்திருக்கிறேன்.