பேட்டர்ன் ஓடாத லேப்டாப்

பல்லடத்திலிருந்து திருப்பூர் வரும் பஸ். எனக்கு முன் சீட்டில் சின்னதாகப் பனியன் கம்பெனி நடத்தும் ஓர் அப்பா, காலேஜ் படிக்கும் மகள். லேப்டாப் வாங்கப் போகிறார்கள்.

“விண்டோஸே எடுத்துக்க கண்ணு. அதுலயும் மியூசிக் பண்ணலாம்னு கடைக்காரர் சொல்றாரல்ல?”

“பண்ணலாமுங்கப்பா. எனக்கு ஆப்பிள் மேக்தான் வேணும்.”

“மேக்குல, துணி வெட்ட அளவு வரையற நம்ம பேட்டர்ன் சாஃப்ட்வேர் ஓடாதாமா. கட்டிங் மாஸ்டர் சொன்னாரு.”

“ஏனுங்கப்பா, பனியனுக்குப் பேட்டர்ன் போடவா லேப்டாப் கேட்டேன்?”

“பாட்டுப் போடு, யாரு வேண்டாங்கறா? ரெண்டு வருசம் பாரு. சரிப்படலீன்னா அதே லேப்டாப்போட வந்து கம்பெனியில உக்காந்துக்கலாம். பேட்டர்ன் போடற புள்ளையும் கல்யாணமாகிப் போறா.”

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அருள்புரம் தாண்டியதும் அப்பாவைப் பார்த்தாள்.

“அது ஓடாதுங்கறதுனாலதாங்கப்பா மேக் கேக்கறேன்.”

அவர் மடியிலிருந்த பையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

போன வருடம் என் மகன் பாட்டுப் போடத்தான் லேப்டாப் கேட்டான். எல்லாத்துக்கும் ஆகும் என்று விண்டோஸ் வாங்கிக் கொடுத்தேன். அவன் அன்று ஒன்றுமே சொல்லவில்லை.