சென்றாயனின் வக்கீல்

— சன்னலச் சாத்து கண்ணு. எம்.எல்.ஏ. காரு வாசல்ல நின்னா நிக்கட்டும். இந்தப் பனியில நல்லா நிக்கட்டும்.

— அப்பா, அவரு எதுக்கு வந்திருக்காருன்னா...

— எனக்குத் தெரியாதா? நாங்க ரெண்டு பேரும் நாகலூர்ல ஒரே பஸ் ஏறி சேலம் கோர்ட்டுக்குப் போனவங்க. இப்ப சென்றாயனுக்குக் கொடி கட்டுன காரு. எனக்கு இன்னும் அதே பஸ்சு.

— அவரப் பாத்தா உங்களுக்கு நொம்ப வயிறு எரியுதுங்கப்பா.

— எரியுது. இல்லைன்னா சொன்னேன்? பொண்ணுக்கும் பூமியில பங்கு உண்டுன்னு கேசுக்குக் கேசு நான் தொண்டை கிழியக் கத்துனேன். 'மலைசாதிக்கு அந்தச் சட்டம் செல்லாது, மலை வழக்கத்துல அது இல்லீங்க'ன்னு அவன் ஒத்த வரியில முடிச்சான். ஜெயிச்சதெல்லாம் அவன்தான். வழக்கத்தக் காப்பாத்துன வக்கீலுன்னு மாலை போட்டு, ஓட்டும் போட்டு சட்டசபைக்கு அனுப்பிட்டாங்க. அங்கயும் அதையேதான் பேசுறான்.

— இப்ப அவருக்கே வந்துருச்சுங்களே. ஒரே பொண்ணு கவிப்பிரியா. அவளுக்குப் பாட்டன் வழிக் காப்பித் தோட்டத்த எழுதி வைக்கப் போனா, அவரு அண்ணன் பசங்க கேசு போட்டுட்டாங்க.

— அதான் எங்கிட்ட வந்து நிக்கிறான். பொண்ணுங்களுக்காகப் பேசுற வக்கீலு இந்த மலையில வேற யாரு இருக்கா?

— பேசுவீங்களா?

— மாட்டேன். அண்ணன் பசங்க நேத்தே வந்தாங்க. அவங்களுக்கு வக்காலத்துப் போட்டுட்டேன்.

— ஏனுங்கப்பா, பொண்ணுக்குப் பங்கில்லைன்னு நீங்களா பேசப் போறீங்க?

— அவன் பேச்சையே அவன் மூஞ்சிக்கு நேரா பேசோணும். அவன் தோத்து நிக்கிறத ஒருக்கா என் கண்ணால பாக்கோணும். என் ஜூனியரு நீ, பக்கத்துலயே நின்னு பாரு.

— தோக்கப் போறது கவிப்பிரியாங்கப்பா. அவளுக்கப்புறம் நான். உங்களுக்கும் நான் ஒரே பொண்ணுதானுங்களே. வாழவந்தியில சித்தப்பா பசங்க ரெண்டு பேரும் நம்ம தோட்டத்தப் பாத்துக்கிட்டேதான இருக்காங்க?

— அதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சாமி. மொதல்ல அவன உள்ள கூப்புடு. 'ஏப்பா பெரியண்ணா, நீதான் காப்பாத்தோணும்'னு அவன் வாயால எங்கிட்டக் கேக்கோணும். கேட்டதுக்கப்புறந்தான் முடியாதுன்னு சொல்வேன்.

— அவரு உங்களப் பாக்க வரவே இல்லீங்கப்பா. கவிப்பிரியா கேச நடத்தச் சொல்லி என்னையத்தான் கூட்டிட்டுப் போக வந்திருக்காரு. அப்பாகிட்டப் பேசிட்டு வரேன்னு நிக்கச் சொன்னேன். பேசியாச்சுங்க, நான் கெளம்புறேன்.