ஏழாம் கிடங்குக்குப் போன வேகனில் இருந்தது

என் பெயரையும் தகப்பனார் பெயரையும் முதல் தாளில் ஸ்டேஷன் ரைட்டர் எழுதிக்கொண்டுவிட்டார். கொடிக்காரர் என்று கேட்டால்தான் தெருவில் என் வீட்டைக் காட்டுவார்கள். வயது ஐம்பத்து நான்கு. துறைமுகத்தை ஒட்டிய கிடங்குத் தெருவில், சரக்கு ரயில் குடியிருப்பு ஒன்பதாம் எண் வீட்டில் மனைவியுடன் வசிக்கிறேன். சரக்கு ரயில் கம்பெனியில் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். நான் எழுதிய நோட்டு திருடு போனதாக நானே கொடுத்த புகாரின் பேரில் என்னை விசாரித்ததில் நான் சொல்வதாவது:

எங்கள் தண்டவாளம் கப்பல் துறையில் தொடங்கி, பத்துக் கிடங்குகளின் வாசல் வழியாகத் தெரு நடுவிலேயே ஓடுகிறது. போட்டு நூறு வருடம் ஆகிறது. முதல் நாளே இன்ஜின் ஒரு வெங்காய வண்டியை இடித்துத் தெருவையே அழ வைத்ததாம். அதன் பிறகு இன்ஜினுக்கு இருபது அடி முன்னால் ஒரு ஆள் சிவப்புக் கொடியுடன் நடக்க வேண்டும் என்றும், அவன் கண் தெருவிலேயே இருக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது என்றும் விதி போட்டார்கள். அந்த ஆள் இப்போது நான். பஞ்சுப் பொதி, காகித உருளை, இயந்திரப் பெட்டி என்று ஒரு காலத்தில் நாளைக்கு ஆறு வண்டி ஓடியது. அதன் பிறகு லாரிகள் வந்தன. பதின்மூன்று வருடமாக வருடத்துக்கு ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு வேகன் ஓடுகிறது.

அந்த ஒரு வேகன் ஏன் என்று ஆய்வாளர் கேட்டார். கிடங்கு முதலாளிகள் அன்று தண்டவாளத்துக்கு நிலம் கொடுத்தபோது ஒரு நிபந்தனை எழுதினார்கள். வருடத்துக்கு ஒரு வேகன் சரக்காவது ஏழாம் கிடங்கு வரை போய்ச் சேர வேண்டும், ஒரு வருடம் தவறினாலும் நிலம் அவர்களுக்கே திரும்பிவிடும். அந்த நிலத்தில்தான் குடியிருப்பின் பதினான்கு வீடுகளும் இருக்கின்றன. நிலம் போனால் பதினான்கு குடும்பமும் தெருவில் நிற்க வேண்டியதுதான். நிலத்தைத் திரும்பக் கேட்டு முதலாளிகள் இப்போது கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். அடுத்த வாரம் விசாரணை.

நூறாவது வருடத்துக்காகத் தண்டவாளத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி கம்பெனி என்னைக் கேட்டது. அதிகம் பேசுகிறவன் அதிகம் எழுதுவான் என்று நினைத்திருப்பார்கள். நானும் பெருமை தாங்காமல் நூற்றுப் பத்துப் பக்கம் எழுதினேன். அதில் பாதி வரலாறு, மீதி யார் வீட்டில் யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பது. தொண்ணூறாம் பக்கத்தில், பதின்மூன்று வருடமும் நான் ராஜ நடை போட்டது ஒரு காலி வேகனுக்கு முன்னால்தான் என்று எழுதினேன். இன்ஜின் ஓட்டுபவர் என் மனைவியின் தம்பி. உள்ளே என்ன சரக்கு என்று முதல் வருடம் கேட்டதற்கு, "காத்துதான் மாமா இருக்கு, நீங்க பாட்டுக்கு நடங்க" என்று அவர் சொன்னதையும் சேர்த்துக்கொண்டேன். நோட்டிலேயே சுவையான பக்கம் அது.

சென்ற திங்கட்கிழமை டீக்கடையில் அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். ஏழாம் கிடங்கு மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் எனக்கு வணக்கம் வைக்காத மனிதர், தானாக எழுந்து வந்து என் எதிரில் உட்கார்ந்து, உடம்பு எப்படி இருக்கிறது, நோட்டை எங்கே வைத்திருக்கிறேன் என்று விசாரித்தார். நானும் அலமாரியின் மேல் தட்டு என்று சொன்னேன். என் வாயை என்ன செய்வது.

புதன்கிழமை மத்தியானம் பார்த்தபோது மேல் தட்டு காலி. அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மேனேஜர் அன்று புதுச் சட்டையில் வந்ததைச் சந்தேகித்தேன். மச்சான் இரண்டு நாளாக என் கண்ணைப் பார்த்துப் பேசாததைச் சந்தேகித்தேன். எதிர்வீட்டுக்காரர் காரணமில்லாமல் சிரித்ததையும் விட்டுவைக்கவில்லை. நோட்டு கோர்ட்டுக்குப் போனால் என் கையெழுத்தே என் வீட்டை இடிக்கும் என்று பயந்து, மேனேஜர் மேல் புகார் கொடுத்தேன். நோட்டில் அப்படி என்ன இருந்தது என்று ஆய்வாளர் கேட்டதால், மேலே கண்டபடி எல்லாவற்றையும் சொன்னேன்.

இந்த இடத்தில், வெளியே பெஞ்சில் இருந்த என் மனைவி உள்ளே வந்தாள். நடந்ததையும் எழுதும்படி ஆய்வாளர் சொன்னதால் சொல்கிறேன். "நோட்ட எடுத்தது நான்தான். கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன். இப்ப இவரு உக்காந்து திரும்ப எழுதிக் குடுத்துட்டாரு" என்றாள். எழுத்தை மதிக்காதவள் இவள் என்று நான் ஆரம்பித்தேன். அவள் என்னை முடிக்க விடவில்லை. "வேகன் என்னிக்குங்க காலியாப் போச்சு? கதவத் தொறந்து பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

அதன் பிறகு அவள் ஆய்வாளரிடம் சொன்னது: ஒவ்வொரு வருடமும் நான் யார்டு ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கொடி வாங்கும் நேரத்தில், பதினான்கு வீட்டுப் பெண்களும் சேர்ந்து நான்காம் வீட்டு மர பீரோ, எட்டாம் வீட்டு இரும்புக் கட்டில், எங்கள் தையல் மெஷின், இன்னும் கைக்குக் கிடைத்த தட்டுமுட்டுச் சாமானை வேகனில் ஏற்றுவார்களாம். ஏழாம் கிடங்கு சேர்ந்ததும் நான் நேராக டீக்கடைக்குப் போய்விடுவேனாம், அவர்கள் வேகனின் கடல் பக்கத்துக் கதவு வழியாக இறக்கிக்கொள்வார்களாம். என்னிடம் ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். "உங்க வாய்க்கு ஏதுங்க கதவு? தம்பிகிட்ட நான்தான் காத்துன்னு சொல்லச் சொன்னேன்" என்றாள். ரைட்டர் இருமினார். சிரிப்பை மறைத்தார் என்று சந்தேகிக்கிறேன்.

இவள் சொல்வதை நம்புகிறீரா என்று ஆய்வாளர் கேட்டார். பெஞ்சில் காத்திருந்த கால் மணி நேரத்தில் பீரோவும் கட்டிலும் ஜோடிக்கக் கூடியவள்தான் அவள். ஆனால் வருடா வருடம் அந்த வாரத்தில் எங்கள் தையல் மெஷின் வீட்டில் இருக்காது. ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்பாள். எந்தக் கடை என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

காலி என்று நான் சொன்னதை அடித்துவிடும்படி ரைட்டரைக் கேட்டேன். சொன்னதை அடிக்க முடியாது, திருத்தம் வேண்டுமானால் கீழே எழுதலாம் என்றார். ஆகவே எழுதிக்கொள்ளச் சொல்வது: பதின்மூன்று வருடத்தில் வேகனின் உள்பக்கத்தை நான் ஒரு முறையும் கண்ணால் பார்த்ததில்லை. காலி என்று எழுதியது கேள்விப்பட்டதை வைத்து. பார்க்காததை வரலாறு என்று எழுதியது என் தவறு. மேனேஜர் மேல் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுகிறேன். அவருடைய புதுச் சட்டை பற்றிச் சொன்னதையும் சேர்த்து.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் பார்த்தவரை எல்லாம் உண்மை, பார்க்காததற்கு நான் சாட்சி இல்லை. என் மனைவி வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, போடலாம் என்று சொன்ன பிறகு கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்)
கொடிக்காரர்