குண்டு பாய்ந்த பாட்டு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

குடியரசு நாள் காலையில் தாராவிப் பேருந்துக்காக மும்பை கிங்ஸ் சர்க்கிளில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னே, இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று நாட்டுப்புற மெட்டில் தேசபக்திப் பாடல்கள் பாடி வரும் பெரியவர் ஒருவரும், அவருடைய டோலக்குக்காரரும் நின்றனர்.

“அண்ணாச்சி, உங்க முழங்கால்ல குண்டு பாஞ்ச பாட்டை இன்னைக்கு விட்டுருங்க. விழாவுக்குச் சான்பாடாவுல இருந்து உங்க பட்டாளத்துப் பழைய சுபேதார் வாராராம். முன்வரிசையில சேர் போட்டுருக்காவ,” என்றார் டோலக்குக்காரர்.

பெரியவர் முழங்காலைத் தடவினார். “போச்சுலே! என்னைய உதைச்சது கோவேறு கழுதைன்னு அவருக்குத் தெரியுமே. தூக்கிட்டு வந்ததே அவருதான்.”

“கழுதையா? பதினஞ்சு வருசமா இல்லாத குண்டுக்கா நான் டோலக்கு அடிச்சேன்?”

“கழுதைன்னு பாடுனா எவம்லே கைதட்டுவான்?”

“அது ஏன் உதைச்சுது?”

“மலைப்பாதையில எங்க சாமானைச் சுமந்துட்டு வந்தது, திடீர்னு நின்னுட்டு. பின்னால நின்னு தள்ளுனேன்; விட்டுது ஒரு உதை. மறுநிமிசம் முன்னால பாதையே இடிஞ்சு பள்ளத்துல விழுந்துட்டு. நாங்க அத்தனை பேரும் தப்பிச்சோம்.”

“இதைப் போயா மறைச்சீங்க? குண்டைத்தான் எல்லாவனும் பாடுதான்!”

அவர்களுக்கு முன்னால் நின்ற, மாதுங்காப் பக்கத்து மாமி ஒருவர் திரும்பினார். “அந்தக் கழுதைக்குப் பேர் உண்டோ?”

பெரியவர் விறைப்பாக நிமிர்ந்தார். “ராணி, மேடம்.”

“அப்போ ராணியைப் பாடுங்கோ.”

பேருந்தில் ஏறியதும் பெரியவர் பாடத் தொடங்கினார். தாராவி வருவதற்குள், குண்டு இருந்த அடிகளிலெல்லாம் ராணி வந்து நின்றாள்.

“சுபேதார் சிரிச்சுட்டார்னா?” என்றார் டோலக்குக்காரர், இறங்கும்போது.

“சிரிக்க மாட்டாருலே. அன்னைக்கு ராணி கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதவரு அவரு.”

கேட்டதைக் கேட்டவாறே எழுதியுள்ளேன். இதனைத் தங்கள் நாட்டுப்புறப் பாடல் காப்பகத்தில் பாதுகாத்து வைக்குமாறு வேண்டுகிறேன்.